செய்தது உண்மை என்றால் வழக்கறிஞர் எதற்கு?

‘சட்டவிரோதப் பதிவிறக்கம்’ பற்றி விவாதக் கட்டுரை எழுதச் சொன்னால், ‘இது திருட்டு, தண்டனை தேவை’ என்று இரண்டே வரியில் முடித்துவிடும் மாணவர்கள் நிறைய பேர். “செஞ்சது உண்மைன்னா லாயர் எதுக்கு டீச்சர்?” என்று படிவம் 5 மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்விதான். அதற்கு அமெரிக்காவின் இரண்டு வழக்குகளைச் சொன்னேன்.

முதல் வழக்கு 1994-இல் நடந்தது. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்த 21 வயது டேவிட் லமாக்கியா, அங்குள்ள கணினிகளைக் கொண்டு இணையத்தில் ஒரு பரிமாற்றத் தளம் நடத்தினார். எக்செல், வேர்ட்பெர்ஃபெக்ட், சிம்சிட்டி 2000 போன்ற மென்பொருள்களைச் சிலர் அதில் ஏற்றுவார்கள். மற்றவர்கள் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்வார்கள். உரிமையாளர்களுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் நட்டம் என்றது கூட்டரசு. ஆனால் லமாக்கியா இதில் ஒரு காசுகூடச் சம்பாதிக்கவில்லை.

சிக்கலே அங்குதான். லாப நோக்கம் இருந்தால்தான் பதிப்புரிமை மீறல் குற்றமாகும் என்று அன்றைய சட்டம் சொன்னது. அதனால் அரசுத் தரப்பு அந்தச் சட்டத்தை விட்டுவிட்டு, தொலைத்தொடர்பு வழி மோசடி செய்யச் சதி என்று குற்றம் சாட்டியது. அவருடைய வழக்கறிஞர்கள் ‘அவர் செய்யவில்லை’ என்று வாதாடவில்லை. ‘நீங்கள் சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் இந்தச் சட்டப்பிரிவு இதற்குப் பொருந்தாதே’ என்றார்கள். கைகொடுத்தது 1985-இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதுவும் எல்விஸ் பிரெஸ்லியின் திருட்டு இசைத்தட்டு வழக்கு! பதிப்புரிமையை மீறுவதும் பொருளைத் திருடுவதும் ஒன்றல்ல என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே தீர்ப்பில் மாணவரின் செயலைக் கண்டிக்கவும் செய்தார். தவறு வேறு, குற்றம் வேறு. ஓட்டையை அடைப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்பது அவர் நிலை. 1997-இல் புதுச் சட்டம் வந்தது. அதன்பின், லாபம் இல்லாவிட்டாலும் 180 நாளுக்குள் 1,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள நகல்களை எடுத்தால் குற்றமாகலாம். பழைய செயலுக்குப் புதுச் சட்டத்தைக் காட்டித் தண்டிக்க முடியாது என்பதால் லமாக்கியாவை அது தொடவில்லை.

(ஆசிரியர்கள் கவனிக்க: தீர்ப்பு வரும்வரை அவர் ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’. மாணவர்கள் முதல் பத்தியிலேயே ‘குற்றவாளி’ ஆக்கிவிடுகிறார்கள்.)

இரண்டாவது வழக்கு ஏரன் சுவாட்ஸுடையது. 2010-11இல் எம்ஐடி வலைத்தொடர்பு வழியாக ஜேஸ்டோர் தளத்தின் ஆய்வுக் கட்டுரைகளை லட்சக்கணக்கில் இறக்கினார். ஜேஸ்டோர் அவரிடம் சமரசம் செய்துகொண்டது. ஆனாலும் கூட்டரசு விடவில்லை. 2012-இல் குற்றச்சாட்டுகள் 13 ஆயின. விருந்தினருக்கும் திறந்திருந்த வலைத்தொடர்பில் நுழைந்தது ‘அனுமதியின்றி’ நுழைந்ததாகுமா என்று அவர் தரப்பு கேட்டது. இன்னொன்றும் கேட்டது: கைப்பற்றிய மடிக்கணினியைச் சோதிக்க ஆணை வாங்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறதே, அந்த ஆதாரம் செல்லுமா?

இரண்டாவது கேள்வியைத்தான் மாணவர்கள் ரொம்ப நேரம் விவாதித்தார்கள். ஆதாரம் உண்மையாகவே இருந்தாலும், எடுத்த விதம் தப்பு என்றால் ஒதுக்கிவிடலாமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை. விசாரணை தொடங்கும் முன்பே, 2013 ஜனவரியில், 26 வயதில் சுவாட்ஸ் இறந்துபோனார், வழக்கு கைவிடப்பட்டது.