வீடும் வண்டியும் வளரும் பிள்ளையும்

பிள்ளைகள் வளர வளர வீடு சிறுத்துப்போவது எல்லாக் குடும்பங்களிலும் நிகழ்வதே. தொட்டில் ஆடிய உத்தரத்தின் கீழ் மகன் தலை குனிந்து நடக்கிறான். படிக்கும் மகளுக்குத் தனியே ஒரு மேசை போட இடமில்லை. பாட்டியின் கால்கள் தளர்ந்துவிட்டதால் கொல்லைப்புறக் குளியலறை தொலைதூரமாகிவிடுகிறது. அதே ஆண்டுகளில்தான் வாசலில் நிற்கும் வண்டியின் சாவியும் பிள்ளைகளின் கண்ணில் படத் தொடங்குகிறது.

வீட்டைப் புதுப்பிப்பதும், பிள்ளைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் தொடர்பற்ற இரு வேலைகளாகத் தோன்றலாம். ஆயினும் பல இல்லங்களில் இவை ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன. பெற்றோரிடம் ஒரே கேள்வியையும் கேட்கின்றன. எந்தப் பொறுப்பை, எந்த நாளில், பிள்ளையின் கையில் ஒப்படைப்பது? இக்கேள்வியோடு இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. அதில் அறிந்த சிலவற்றை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

யாருக்காகப் புதுப்பிக்கிறோம்?

எங்களுடையது பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு. பழுது பார்த்து, பின்புறம் தளம் போட்டு இரு அறைகள் எடுக்க முடிவு செய்தோம். ஒரு மாலை, குடும்ப செபம் முடிந்ததும் கலையாமல் அமர்ந்து, ஒவ்வொருவரின் தேவையையும் ஒரு தாளில் எழுதினோம். மகன் தனி அறை கேட்டான். மகள் சன்னலோரம் ஒரு மேசை கேட்டாள். இல்லத்தரசி, புகை வெளியேறும் சமையலறை வேண்டும் என்றார். வீட்டின் முகப்பைத் தூண் வைத்து எடுப்பாகக் கட்டலாம் என்ற ஆசையும் அத்தாளில் இடம்பெற்றது. பாட்டி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

கையிருப்பைக் கணக்கிட்டபோது எல்லாவற்றிற்கும் பணம் போதாது என்று தெரிந்தது. ஒன்றும் கேளாதவரின் தேவையே முதலாவது என்று பிள்ளைகளின் முன்னிலையில் தீர்மானித்தோம். வீட்டுக்குள்ளேயே குளியலறை, கால் வழுக்காத தரை, பிடித்து எழச் சுவரில் ஒரு கம்பி, இடறும் நிலைப்படியை நீக்கிச் சமதளம் ஆகியவை முதலில் எழுதப்பட்டன. எடுப்பான முகப்பு தாளிலேயே அடிக்கப்பட்டது. ஊரார் பார்வைக்காகக் கடன் வாங்கிக் கட்டி, பின்பு வட்டி கட்ட முடியாமல் அந்த முகப்பின் பின்னே கண்ணீர் வடிக்கும் குடும்பங்களை நாம் அறிவோம்.

கணக்குப் புத்தகத்தை மகனிடம் கொடுத்தோம். 50 கிலோ சிமெண்டு மூட்டைகள் எத்தனை வந்தன, கம்பி எத்தனை கிலோ, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி எவ்வளவு என அன்றன்று எழுதுவது அவன் பொறுப்பு. சனிக்கிழமை மாலை கூலியை எண்ணிக் கொடுப்பது மகளின் பொறுப்பு. வேலையாளின் கூலியைப் பிடித்து வைப்பது கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்பதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்தாள். சுண்ணாம்பும் சிமெண்டும் படிந்த கைகளில் பணத்தை வைத்தபோது அதன் பொருளை உணர்ந்துகொண்டாள்.

முட்டு எடுக்கும் நாள்

தளம் போட்ட பின்னர் எங்கள் கொத்தனார் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்தினார். காலையில் ஊற்றிய கலவை மாலைக்குள் இறுகிவிடுகிறது. மறுநாள் மேலே ஏறி நடக்கவும் முடிகிறது. ஆயினும் அது இன்னும் தன் பாரத்தைத் தானே தாங்காது. சிமெண்டும் நீரும் கலந்து வலிமை பெறுவது மெதுவாக நடைபெறும் வேலை. அதன் வலிமையை 28 நாள் கழித்தே அளந்து பார்ப்பர். குறைந்தது 7 நாளாவது தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். இந்தியத் தர விதிகளின்படி, சாதாரணச் சிமெண்டுத் தளத்தில் நாலரை மீட்டர் வரை அகலமுள்ள அறைக்கு 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் கீழேயுள்ள முட்டுகளை எடுக்கலாகாது. அவசரப்பட்டு எடுத்தால் தளம் தொய்யும், விரிசல் காணும், இடிந்தும் விழும். அதற்காக முட்டை எடுக்காமலே விட்டுவைத்தால் அந்த அறையில் ஒருவரும் குடியிருக்க முடியாது.

வளரும் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர்க்கு இதைவிடத் தெளிவான போதனை வேண்டுமோ? உயரத்தில் தந்தையை மிஞ்சிவிட்டான் என்பதனால் மகன் இறுகிவிட்டதாக எண்ணிவிடுகிறோம்; அல்லது இருபது வயதான பின்னும் முட்டை எடுக்க அஞ்சுகிறோம்.

கட்டுக்கம்பி தீர்ந்த மாலை

வீட்டு வேலை நடக்கும் இடத்தில் ஓயாமல் ஏதாவது ஒன்று தீர்ந்துபோகும். ஆணி, கீல், பெயிண்டு, குழாய் மூட்டு என்று கடைக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தளம் போடுவதற்கு முந்தின மாலை, கம்பி கட்டும்போது கட்டுக்கம்பி தீர்ந்துவிட்டது. கடை ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவு. பெரியவர்கள் இருவரும் வேலையைவிட்டு நகர முடியாத நேரம். அன்று மகனுக்கு வயது 17. வந்திருந்த உறவினர் ஒருவர், “பையனிடம் ஸ்கூட்டரைக் கொடுங்கள்; உள்ளூர்த் தெருதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். மகனின் பார்வையும் சாவி மாட்டும் ஆணியின்மேல் பதிந்தது.

நாங்கள் கொடுக்கவில்லை. மிதிவண்டியில் போய் வந்தான். அரை மணி நேரம் கம்பி வேலை நின்றது. தன் வகுப்புத் தோழர் பலர் பள்ளிக்கே வண்டியில் வருவதாகச் சொல்லி, அவன் இரண்டு நாள் எங்களோடு சரியாகப் பேசவுமில்லை. அரை மணி நேரக் கூலியும் இரண்டு நாள் மனத்தாங்கலும் நாங்கள் கொடுத்த விலை. ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றச் செல்லும்போது, மீசை அரும்பாத முகங்களின் படம் பதித்த சிலுவைகளைக் கடந்துதானே போகிறோம்? அவற்றின் அருகே நிற்கும் தாய்மாரின் முகத்தைப் பார்த்தவர்க்கு அந்த விலை பெரிதாகத் தோன்றாது.

சட்டம் சொல்வதையும் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் பொதுச் சாலையில் மோட்டார் வண்டி ஓட்டலாகாது. 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு மட்டும் 16 வயதில் விதிவிலக்கு உண்டு. நம் வாசல்களில் நிற்கும் ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். 3 ஆண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்திற்கு நீக்கப்படும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. “யார் பார்க்கப் போகிறார்கள்” என்ற கேள்விக்கு விசுவாசியின் பதில் வேறு உண்டு. பார்ப்பவர் ஒருவர் உண்டு என்று கற்பித்துவிட்டு, போலீஸ்காரர் இல்லாத தெருவில் சாவியைக் கொடுப்பது எங்ஙனம் பொருந்தும்?

பக்கத்து இருக்கையில் பெற்றோர்

18 வயது நிறைந்த வாரத்திலேயே, வாக்களித்தபடி, மகனுக்கு எல்.எல்.ஆர். எடுத்தோம். பழகுநர் உரிமம் எனப்படும் இது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்தே தேர்வுக்குப் போகலாம். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்து வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர் உடன் இருக்க வேண்டும். இதுவும் ஒருவகை முட்டுக் கொடுத்தலே.

பயிற்சிப் பள்ளியில் சேர்த்தோம். அதனோடு, விடுமுறை நாள்களில் விடியற்காலையில் எங்கள் பழைய காரிலும் பழக்கினோம். முதல் வாரம் வண்டியை எடுப்பதும் நிறுத்துவதும் மட்டுமே. கிளட்சை மெல்ல விடுவது, மேட்டில் பின்னோக்கி உருளாமல் கிளப்புவது, கண்ணாடி பார்த்துப் பின்னால் எடுப்பது ஆகியவை பின்னர் வந்தன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது என்பதைத் தெருவில் அடி வைத்து அளந்தே காட்டினோம். கைப்பேசியை மூன்று விநாடி பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அளந்து முடித்தபோது அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான்.

கற்பிப்பவர் காக்க வேண்டிய ஒழுங்கும் உண்டு. வண்டியில் இருக்கும்போது கூச்சலிடலாகாது. பரீட்சை மதிப்பெண்ணையும் பழைய குற்றங்களையும் அங்கே எடுத்தல் ஆகாது. இன்னொன்று, தலைக்கவசம் இல்லாமல் நாம் திருப்பலிக்குப் போய்வருவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்த பிள்ளைக்கு வாயால் எதைச் சொன்னாலும் ஏறாது. தந்தையின் ஓட்டலையே பிள்ளை கற்றுக்கொள்கிறது.

மகன் இருசக்கர வண்டியில் எட்டுப் போட்டுத் தேறினான். கார்த் தேர்விலும் தேறினான். மகளுக்கும் வயது வந்ததும் கற்பிப்பதாகச் சொல்லியிருக்கிறோம். நள்ளிரவில் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், ஓட்டத் தெரிந்த மகள் அக்குடும்பத்திற்குப் பெருந்துணை.

திருச்சபையின் குரல்

திருச்சபை இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 2007 ஜூன் மாதம், குடியேறுவோர் மற்றும் பயணியர் மேய்ப்புப்பணிக்கான திருப்பீட அவை, சாலைப் பயணம் பற்றிய வழிகாட்டி ஏட்டை வெளியிட்டது. அதில் ஓட்டுநர்க்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. கொலை செய்யலாகாது என்பதே அவற்றுள் முதலாவது. வண்டி அதிகாரத்தைக் காட்டும் கருவியாகலாகாது, சாலையில் எளியவரைக் காக்க வேண்டும், விபத்தில் சிக்கியோரின் குடும்பங்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்பனவும் அதில் அடங்கும். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ என்னும் ஊக்கவுரை, பிள்ளையின் ஒவ்வோர் அசைவையும் கட்டுப்படுத்த நினைப்பது கல்வியாகாது என்றும், சுதந்திரத்தைப் பொறுப்போடு பயன்படுத்தும் வளர்ச்சிக்கே பெற்றோர் வழிசெய்ய வேண்டும் என்றும் தெளிவுபடுத்துகிறது. முட்டை உரிய நாளுக்கு முன் எடுக்காதிருப்பதும், உரிய நாளில் எடுத்துவிடுவதும் ஒரே அன்பின் இரு பக்கங்கள்.

அன்புள்ள பெற்றோரே, நம் பங்குகளில் புது வீட்டை மந்திரிக்கவும் புது வண்டியை மந்திரிக்கவும் குருவானவரை அழைக்கிறோம். தீர்த்தம் தெளித்து, இனிப்பும் வழங்குகிறோம். அது நல்ல வழக்கம். அதே நாளில் இல்லத்தார் அனைவரும் திரு இருதயப் படத்தின் முன் கூடி, சாவி யார் கைக்கு எப்போது வரும் என்பதை ஓர் உடன்படிக்கையாகச் செய்துகொள்வது அதனினும் நன்று. வயது வரும்வரை கேட்பதில்லை என்று பிள்ளை வாக்களிக்கட்டும். வயது வந்ததும் கற்பிப்போம் என்று பெற்றோர் வாக்களிக்கட்டும். நாசரேத்தூர்ப் பட்டறையில் திருமகனுக்கே தொழில் பழக்கிய புனித சூசையப்பர், நம் பிள்ளைகளின் கையை நாம் எப்போது பற்ற வேண்டும், எப்போது விட வேண்டும் என்னும் ஞானத்தை நமக்குப் பெற்றுத் தருவாராக.