முப்பது நாள் பழக்கம்

மாதச் சவால் என்பது ஒரு பழக்கத்தை முப்பது நாளுக்கு மட்டும் கைக்கொண்டு பார்ப்பது. கூகுள் பொறியியலாளர் மாட் கட்ஸ் 2011இல் டெட் மேடையில் ஆற்றிய சில நிமிட உரை இதைப் பரவலாக்கியது. பிரித்தானியாவில் 2013 முதல் ஜனவரி முழுக்க மதுவை விலக்கும் இயக்கம் நடக்கிறது.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள உடையார்கட்டு போன்ற ஊர்களுக்கு எண்ணம் புதிதல்ல, பெயர்தான் புதிது. புரட்டாசிச் சனி, ஆறு நாள் கந்தசஷ்டி, மார்கழித் திருவெம்பாவையின் பத்து விடியல்கள் எல்லாமே தவணை குறித்த கட்டுப்பாடுகள். விடியமுன் கோயில் மணி கேட்டால் சோம்பேறியும் எழும்புவான். அதே ஆள் தை பிறந்ததும் இழுத்துப் போர்த்துக்கொள்வதும் உண்டு.

காரணம் உண்டு. இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் இணையத்தில் வெளியானது. ஒரு செயல் தன்னியல்பாவதற்குச் சராசரியாக 66 நாள்கள் சென்றன. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 வரை மதிப்பிடப்பட்டது. தண்ணீர் குடிப்பது போன்றவை விரைவில் ஒட்டின, உடற்பயிற்சி இழுத்தடித்தது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை. ஆகவே மாதம் முடிந்தபின்னும் ஒரு 'மணி' தேவை: காலைத் தேநீர் முடிந்ததும் நடை, விளக்கு வைத்ததும் வாசிப்பு.