மொட்டை மாடியில் காற்றாலை

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர், நாகர்கோவில் வண்டி ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது வெளியே வரிசை வரிசையாய்ச் சுழலும் காற்றாலைகளைக் கண்டு வியப்பதுண்டு. அங்கே காற்று மின்சாரமாகிறதென்றால், மும்பையிலும் தில்லியிலும் நாம் வாழும் அடுக்கு வீடுகளின் மொட்டை மாடியில் சிறு காற்றாலை ஒன்றை நாட்டினால் ஆகாதா என்ற எண்ணம் எழுவது இயல்பே. அத்தகைய பொறிகள் கடைக்கும் வந்துவிட்டன. செலவாவது சொந்தப் பணமாயினும் குடியிருப்போர் சங்கத்தின் பணமாயினும், கொடுக்குமுன் சில உண்மைகளை நாம் அறிந்திருத்தல் நலம்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானாலோ ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு பொறியை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அது ஏறக்குறைய 1 கிலோவாட் தரும். அத்தகைய வேகத்தை வைத்தே அதற்கு '1 கிலோவாட்' என்று பெயரிடுகின்றனர். வேகம் அதில் பாதியானால் கிடைப்பது ஏறத்தாழ 125 வாட். கால் பங்கானால் சுமார் 15 வாட். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டை எரிப்பதற்கும் அது போதாது.

ஆரல்வாய்மொழியின் நிலை வேறு. மலைகளுக்கு இடையேயுள்ள கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து விரைகிறது. அங்குள்ள காற்றாலைகளும் தரையினின்று மிக உயர்ந்து நிற்பவை. நகரக் காற்றோ கட்டடங்களில் மோதிச் சிதறுகிறது. கணந்தோறும் திசை மாறிச் சுழல்கிறது. அக்காற்றில் பொறி தடுமாறும், தேய்மானமும் மிகும். அதன் அதிர்வு தளத்தின் வழியே கீழ் வீடுகளுக்கும் இறங்கும்.

இஃது வெறும் ஊகமன்று. பிரிட்டனில் கட்டடங்களின்மேல் நாட்டிய 26 சிறு காற்றாலைகளை ஆராய்ந்து 2009-இல் அறிக்கை ஒன்று வெளியிட்டனர். பழுதால் நின்ற நேரத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, அவை சராசரியாகத் தந்தது முழுத் திறனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு! உயர்ந்த அடுக்கு மாடிகளில் காற்று நன்றாகவே இருந்தது. ஆனால் குடியிருப்போர் இரைச்சலைப் பற்றி முறையிட்டதால் அங்கே பொறிகளை நிறுத்திவைக்க நேர்ந்தது.

ஆதலின் விற்பவரிடம், "எத்தனை கிலோவாட்?" என்று கேட்பதனால் பயனில்லை. "எங்கள் மாடியில் வீசும் காற்றில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும்?" என்று கேட்போம். வேகமானி ஒன்றை மாடியில் பொருத்தி ஓராண்டு அளந்து பார்ப்பது இன்னும் சிறந்தது. நிழல் விழாத மாடியில் 1 கிலோவாட் சூரியத் தகடுகள், ஆண்டுச் சராசரியாக, நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும்; அதனுடன் காற்றாலையை ஒப்பிட்டு நோக்குவோம். தடையற்ற கடற்கரையிலோ மேட்டு நிலத்திலோ வீடுடையவர்க்கு, உயர்ந்த கம்பத்தில் நாட்டிய காற்றாலை பயன் தரவும் கூடும். ஏனையோர், அளந்து பார்த்தபின் பணத்தை எடுப்பதே அறிவுடைமை.