தூசு தின்ற கடன் கணக்கு

காலையில் கடையைத் திறந்ததும் நாம் முதலில் செய்யும் வேலை கூட்டுவதுதான். தராசைத் துடைக்கிறோம். ஷட்டருக்கு எண்ணெய் விடுகிறோம். லொறிக்கு நேரத்துக்கு ஒயில் மாற்றுகிறோம். ஆனால் வீட்டின் மூலையில் இருக்கும் கணனியை வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவையாவது திறந்து தூசு தட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நமது கடன் கணக்கு முழுவதும் இருப்பது அதற்குள்தானே?

நானும் தட்டாமல் விட்டவன்தான். அதனால் பட்ட நட்டத்தை மறைக்காமல் எழுதுகிறேன். ஒருவராவது என்னைப் போல் மாட்டிக்கொள்ளாமல் தப்பினால் போதும்.

கிழக்குக் கரையோர ஊரொன்றில் ஹாட்வெயார் கடை நடத்துகிறேன். சீமெந்து, பெயின்ட், குழாய், ஆணி என்று எமது வியாபாரத்தில் பாதிக்கு மேல் கடன்தான். மேசன் பாஸ்மார் சாமானை எடுத்துப் போவார்கள், வேலை முடிந்து சல்லி கிடைத்ததும் தருவார்கள். கடையில் பில் புத்தகத்தில் எழுதி, இரவில் வீட்டுக் கணனியில் பதிவது எனது வழக்கம். 2014ஆம் ஆண்டு வாங்கிய கணனி அது. ஹோலில் நிலத்தில், சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம். பக்கத்தில் தினமும் நுளம்புச் சுருள் புகையும்.

2018 ஜூலையில் கணனி இரைய ஆரம்பித்தது. பின்னர் மெதுவாகியது. அதன் பின்னர் இருபது நிமிடம் ஓடினால் தானாகவே நின்றுவிடும். நான் என்ன செய்தேன்? திரும்பத் திரும்ப சுவிட்சைப் போட்டேன். ஒரு மாதம் இப்படியே போனது. ஓர் இரவு உள்ளே ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அது எழும்பவே இல்லை.

திருத்தும் தம்பி பெட்டியைத் திறந்தார்.

“காக்கா, இதக் கடைசியா எப்ப திறந்தீங்க?”

“திறக்கிறதா? வாங்கின நாள்ல இருந்து மூடித்தான் இருக்கு.”

உள்ளே விசிறிக்குக் கீழே கம்பளித் துண்டு போல் தூசு படிந்திருந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டைகள். ஹாட் டிஸ்க் முற்றாகப் பழுது. உள்ளே இருப்பதை எடுக்க விசேட ஆய்வுகூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், அதற்குப் பெருந்தொகை செலவாகும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை என்றார்.

போனது கணனியல்ல, பத்தொன்பது மாதக் கடன் கணக்கு. பில் புத்தகத்தின் இரண்டாம் பிரதிகள்? ‘கணனியில்தான் இருக்கிறதே’ என்று அவற்றைக் கிழித்து ஆணி சுற்றக் கொடுத்திருந்தேன்.

ஞாபகத்தை நம்பி ஒரு பட்டியல் எழுதினேன். பலர் தாங்களாகவே வந்து தமது கணக்கைச் சொல்லிக் கொடுத்தார்கள். சிலர் “தந்துவிட்டோமே” என்றார்கள். மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. சுமார் மூன்றரை இலட்சம் ரூபா கைவிட்டுப் போனது. அதைவிடப் பெரிய நட்டம் வேறொன்று. இருபது வருட வாடிக்கையாளர் ஒருவரிடம், அவர் ஏற்கனவே தீர்த்துவிட்ட கடனை, அவரது மருமகன் முன்னிலையில் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் எனது கையெழுத்துள்ள பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார். ஆனால் சாமான் வாங்க அவர் மீண்டும் வரவில்லை.

தூசு என்ன செய்கிறது?

கணனியின் மூளையான புரொசசர் வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை அதன்மேல் உள்ள உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ளும். விசிறி காற்றை இழுத்து அதை வெளியே தள்ளும். தகடுகளுக்கிடையே தூசு அடைத்தால் காற்றுப் போக வழியில்லை. சூடு ஏறும்போது புரொசசர் தன்னைக் காப்பாற்ற முதலில் வேகத்தைக் குறைக்கும். சுமார் 100 பாகை செல்சியஸை எட்டினால் தானாகவே நின்றுவிடும். எனது கணனி மெதுவாகியதும் நின்றதும் இதனால்தான். அது என்னிடம் முறையிட்டிருக்கிறது, நான் சுவிட்சைப் போட்டு அதட்டியிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போது திடீர் திடீரென நிற்பது ஹாட் டிஸ்குக்கும் அதிலுள்ள கணக்குக்கும் நல்லதல்ல.

நம் கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து இணைப்புகளில் துரு ஏற்றும். சமையல் எண்ணெய்ப் புகையும் நுளம்புச் சுருள் புகையும் தூசைப் பசைபோல் ஒட்டவைக்கும்.

துப்புரவு செய்யும் முறை

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். தேவையானவை ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஓர் அங்குலப் புதிய பெயின்ட் பிரஷ், ஒரு மெல்லிய பருத்தித் துணி.

கணனியை முறைப்படி நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். பின்னர் பெட்டியின் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மீதமுள்ள மின்சாரம் தீர்ந்துவிடும். பெட்டியை வெளி விறாந்தைக்குக் கொண்டுவந்து பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வெறும் இரும்பைத் தொடுங்கள். நம் உடம்பிலுள்ள நிலைமின் நுண்ணிய பாகங்களைக் கெடுத்துவிடக் கூடும்.

விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பிரஷால் மெதுவாகத் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரஸரும் வேண்டாம், அந்தக் காற்றில் தண்ணீர் இருக்கும். கணனிக்கென விற்கும் காற்று டின் பாவிக்கலாம். மின்சாரம் வந்து சேரும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அதன் வெளித் துளைகளைத் துடைத்தால் போதும்.

திரையில் எதையும் நேரடியாகத் தெளிக்காதீர்கள். கண்ணாடி துடைக்கும் திரவமும் கூடாது. துணியை இலேசாக நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். கீபோட்டைக் கவிழ்த்துத் தட்டுங்கள்.

கணனி காட்டும் திகதி அடிக்கடி பழைய வருடத்துக்குப் போகிறதா? மதர்போட்டிலுள்ள காசு வடிவ பெட்டரி முடிந்துவிட்டது. மேசைக் கணனிகளில் பெரும்பாலும் இருப்பது 3 வோல்ட் சீ.ஆர். 2032. சிறிய செலவுதான். மாற்றாமல் விட்டால் பில்லில் பிழையான திகதி விழும். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் அந்தப் பில்லை யார் ஏற்பார்கள்?

பெட்டியை நிலத்திலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அலுமாரிக்குள் அடைக்க வேண்டாம். துணி உறையைக் கணனி நின்று ஆறிய பிறகே போடுங்கள்.

மின்சாரம்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. யூ.பி.எஸ். என்பது இருட்டில் வேலை செய்வதற்கல்ல, கணக்கைச் சேமித்து ஒழுங்காக மூடுவதற்கே. அதன் பெட்டரி பொதுவாக இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். மாதம் ஒரு முறை, கணக்கைச் சேமித்துவிட்டு யூ.பி.எஸ். பிளக்கைச் சுவரில் கழற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாங்காவிட்டால் பெட்டரியை மாற்றுங்கள்.

உள்ளே உள்ள குப்பை

தேவையற்ற புரோகிராம்களை நீக்குங்கள். பிள்ளைகள் விளையாடத் தனியான பயனர் கணக்கு வைத்துக் கொடுங்கள். சும்மா கிடைக்கிறது என்று களவுப் பிரதி மென்பொருள்களை ஏற்றாதீர்கள், வைரஸ் அவற்றோடுதான் வருகிறது. விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. அதை வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 11க்கு மாற முடியுமா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழைய ஹாட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய கணனியும் வேகமாக ஓடும். எஸ்.எஸ்.டி.க்கு ‘டிபிராக்’ செய்யும் பழைய பழக்கம் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது பிரதி

எவ்வளவு துடைத்தாலும் எந்த ஹாட் டிஸ்கும் ஒருநாள் நிற்கத்தான் போகிறது. துப்புரவு அந்த நாளைத் தள்ளிப்போடும். தடுக்காது. ஆகவே பிரதி எடுத்தே ஆக வேண்டும்.

இது நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு மட்டுமான பாடமல்ல. 2023 ஆகஸ்டில் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்குப் பிரதி இருக்கவில்லை. அங்கு பாவிக்கப்பட்ட மென்பொருளும் காலாவதியானதாக இருந்தது.

இப்போது என்னிடம் இரண்டு வெளி ஹாட் டிஸ்குகள் உள்ளன. ஒன்று வீட்டில், மற்றது கடை லாச்சியில். ஒவ்வொரு வியாழன் இரவும் ஒன்றில் பிரதி எடுத்து, சனிக்கிழமை கடைக்குப் போகும்போது இடம் மாற்றுகிறேன். தீயோ திருட்டோ வந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் போகாது. பிரதி எடுத்தவுடன் கழற்றிவிடுகிறேன், மாட்டியே வைத்திருந்தால் கப்ப வைரஸ் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒரு முறை மகனின் லெப்டொப்பில் அந்தப் பிரதியைத் திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத சல்லிக்கட்டு போன்றது. மாத முடிவில் கடன் பட்டியலைக் கடதாசியிலும் அச்சடித்து பைலில் போடுகிறேன். பில் பிரதிகளில் ஆணி சுற்றுவதை விட்டுவிட்டேன்.

ஒரு பிரஷ், இரண்டு டிஸ்க், மூன்று மாதத்துக்கு அரை மணித்தியாலம். இதற்காகும் செலவை நான் இழந்த மூன்றரை இலட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பழைய வாடிக்கையாளர் இன்றும் எனது கடையைத் தாண்டித்தான் அடுத்த கடைக்குப் போகிறார். சலாம் சொல்கிறார், நானும் பதில் சொல்கிறேன். அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

உங்கள் கணனி இரைகிறதா? இன்று இரவே பிரதி எடுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பெட்டியைத் திறங்கள்.