பொட்டலத்துக்கு முகம் எழுதுவோர்

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலை நோக்கி அமைந்திருக்கும் மெர்சிங் என்னும் சிறு பட்டணத்தைப் பிரயாணிகளில் பெரும்பாலோர் படகுத்துறை என்ற அளவிலேதான் அறிவார்கள். தியோமானுக்கும் ராவா, பெசார் முதலிய தீவுகளுக்கும் போகும் படகுகள் அந்த ஆற்றுமுகத்திலிருந்து புறப்படுகின்றன. கடல்நீரின் ஏற்ற வற்றத்தை அனுசரித்தே படகு நேரம் குறிக்கப்படுவதால், காத்திருப்பதும் அங்கே பிரயாணத்தின் ஓர் அம்சமாகிவிடுகிறது. அவ்வாறு காத்திருப்பவர்களும், தீவிலிருந்து திரும்பி வீட்டுக்கு ஏதேனும் வாங்கிப் போக நினைப்பவர்களும் கடைகளில் தவறாமல் காண்பது கெரோபோக். மீனின் சதையை அரைத்து, ஜவ்வரிசி மாவோ மரவள்ளி மாவோ சேர்த்துப் பிசைந்து, உருளையாகத் திரட்டி வேகவைத்து, ஆறிய பின் மெல்லிய வில்லைகளாகச் சீவி வெயிலில் காயவைக்கும் இந்தப் பண்டம் நம் வீட்டு வற்றலைப் போல எண்ணெயில் போட்டதும் பொரிந்து மலரும்.

பெரும்பாலும் இது நிறமற்ற பிளாஸ்டிக் பையில், ஒரு காகிதச் சீட்டை உள்ளே செருகியோ மேலே ஒட்டியோ விற்கப்படுகிறது. பத்துக் குடும்பத்தார் செய்த பண்டம் பத்தும் ஒரே ஜாடையாகத் தோன்றும். போன தடவை வாங்கிய ருசியான பை எவர் கைப்பக்குவம் என்று கேட்டால் வாங்கினவருக்குச் சொல்லத் தெரியாது. செய்தவருடைய திறமை பைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே ஏற்பட்ட வித்தையைத்தான் வரைகலைக் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள். மலேசியாவில், 1967-ஆம் ஆண்டில் மாரா கல்லூரியில் ஓவிய வடிவமைப்புப் பள்ளி தொடங்கப்பட்டது முதல் இக்கல்வி படிப்படியாகப் பரவி, இன்று பல்கலைக்கழகங்களிலும் தொழிற்கல்லூரிகளிலும் ஒரு சாதாரணப் பாடமாகிவிட்டது. ஊரில் கிடைக்கும் ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பெயர் சூட்டி, லோகோ வரைந்து, எழுத்தும் வர்ணமும் தேர்ந்து, உறையோ பெட்டியோ செய்து காட்ட வேண்டும் என்பது அங்கே மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் பிரசித்தமான வேலை. மாணவர் முதலில் கடைக்குப் போய் அந்தப் பண்டத்தோடு போட்டியிடும் மற்றப் பண்டங்களைப் பார்க்கிறார். யார் வாங்குகிறார்கள், எதற்காக வாங்குகிறார்கள் என்று விசாரிக்கிறார். பிறகு நோட்டில் சிறு சிறு கிறுக்கல்களாக நூற்றுக்கணக்கான குறிகளை வரைந்து, அவற்றில் இரண்டு மூன்றைத் தேறவிட்டு, கணினியில் செம்மைப்படுத்தி, கடைசியாகக் காகிதத்தை வெட்டி மடித்து ஒட்டி ஒரு மாதிரிப் பொட்டலம் செய்து உபாத்தியாயர்கள் முன் வைக்கிறார்.

இதில் குறி என்பது பழைய விஷயம். பல பாஷைக்காரர்கள் ஒரே சந்தையில் வாங்கும் மலாயாவில், எழுத்தை நம்பிப் பண்டம் விற்க முடியாது என்பதை வியாபாரிகள் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். 1928-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஒரு சீன மருந்து நிறுவனம் தன் தைலப் புட்டியில் ஒரு கோடாலியை அச்சிட்டது. சீன எழுத்தும் ஆங்கில எழுத்தும் அறியாத தோட்டத்துத் தமிழரும் அதைக் கோடாலித் தைலம் என்று கேட்டு வாங்கினார்கள். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தமிழ்நாட்டிலும் பரப்பினார்கள். புலியும் யானையும் ஒட்டகமும் இவ்வாறே எழுத்தறியாதாருக்கு எழுத்தாக நின்றன. இன்று மெர்சிங் கெரோபோக்குக்குக் குறி வரையும் மாணவர், அதில் மீனைத்தான் வரைய வேண்டுமா என்று ஒரு கணம் யோசிப்பது நல்லது. எல்லாரும் மீனையே வரைந்தால், ஒரு மீனை மற்றொரு மீனிலிருந்து பிரித்தறிய மறுபடியும் எழுத்தைத்தான் படிக்க வேண்டியிருக்கும். கோடாலிக்கும் தைலத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாததே அந்தக் குறியின் பலம்.

மாணவர் கைவேலை உலகத்தில் நிலைத்ததற்கு உதாரணங்கள் உண்டு. 1970-இல் கேரி ஆண்டர்சன் என்னும் அமெரிக்க மாணவர், அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்று நடத்திய போட்டிக்காக ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளை வரைந்தார். மறுசுழற்சிச் சின்னமாக அது இன்று உலகெங்கும் பொட்டலங்களில் காணப்படுகிறது. அடுத்த ஆண்டில் போர்ட்லண்டு மாணவி கரோலின் டேவிட்சன் நைக்கி காலணிக்கு வரைந்து கொடுத்த வளைகோட்டுக்கு 35 டாலர் கூலி பெற்றார். கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார், மும்பை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது வரைந்த குறியைத்தான் 2010 ஜூலையில் இந்திய அரசாங்கம் ரூபாயின் சின்னமாக ஏற்றது.

ஆனால் பொட்டலத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு இவற்றைக் காட்டிலும் விசேஷமாகத் தோன்றுவது டெபோரா ஆட்லர் என்பவருடைய வேலை. நியூயார்க்கில் வரைகலை பயின்ற அவர், தம் பாட்டி தவறுதலாகத் தாத்தாவின் மாத்திரையை விழுங்கிவிட்ட சம்பவத்திலிருந்து தம் ஆய்வுப் பொருளை எடுத்துக்கொண்டார். அமெரிக்க மருந்துக் கடைகளில் கொடுக்கப்படும் பழுப்பு நிறப் புட்டி உருண்டையானது. அதைச் சுற்றி ஒட்டிய சீட்டைப் படிக்கப் புட்டியைத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பினாலும் முதலில் கண்ணில் படுவது கடையின் பெயரே அன்றி மருந்தின் பெயரன்று. ஆட்லர் புட்டியின் முகத்தைத் தட்டையாக்கினார். மருந்தின் பெயரையும் உட்கொள்ளும் முறையையும் மேலே பெரிதாக வைத்தார். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறமாகப் புட்டியின் கழுத்தில் ஒரு வளையத்தை மாட்டினார். 2005-இல் டார்கெட் என்னும் பெருங்கடை நிறுவனம் அதைத் தன் மருந்தகங்களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டுக்குப் பின் அந்த மருந்தகங்கள் வேறொரு கம்பெனியின் கைக்கு மாறிப் பழைய உருண்டைப் புட்டியே திரும்பி வந்தபோது, வாடிக்கைக்காரர்கள் அந்த வளையங்களைக் கேட்டு முறையிட்டார்கள். அழகுக்காக எவரும் இவ்வாறு முறையிட்டதாக நான் கேட்டதில்லை.

கண்காட்சிகளில் காணும் மாணவர் பொட்டலங்களில் பல, வெளிப்படையாகச் சொன்னால், காலிப் பொட்டலங்கள். மடிப்பு நேர்த்தியாக இருக்கும், வர்ணம் மனத்தைக் கவரும். உள்ளே பண்டம் இருக்காது. பண்டத்தை உள்ளே போட்டுப் பார்த்தால்தான் மெய்யான பரீட்சை தொடங்குகிறது. காய்ந்த கெரோபோக்குக்குச் சத்துரு ஈரம். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் வெயிலும் அரிது, காற்றும் நீரை ஏந்தி வரும். அப்போது ஜன்னல் வெட்டிய அட்டைப்பெட்டியோ, பழமையின் வாசனைக்காகத் தேர்ந்த பழுப்புக் காகிதப் பையோ எவ்வளவு லட்சணமாயிருந்தாலும் உள்ளே தனி உறை இல்லாவிட்டால் வில்லைகள் நமுத்துப் பூஞ்சணம் பூக்கும். பாலிதீன் ஈரத்தை நன்கு தடுக்கும், பிராணவாயுவைத் தடுக்காது. பச்சைக் கெரோபோக்குக்கு அதுவே போதும். பொரித்ததற்கோ, எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலிருக்க, உட்புறம் உலோகப் பூச்சுப் பெற்ற படலமும், காற்றை நீக்கி நிரப்பிய நைட்ரஜனும் வேண்டியிருக்கும். ஆகையால் பண்டம் பச்சையா பொரித்ததா என்ற கேள்வி, நிறம் சிவப்பா நீலமா என்ற கேள்விக்கு முந்தியது.

அடுத்தது சட்டம். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் 1985-இல் வெளியான விதிகளின்படி, மலேசியாவில் பொட்டலமிடும் உணவின் மேல் அதன் பெயர், எடையில் அதிகமானது முதலாக வரிசைப்படுத்திய சேர்மானங்கள், நிகர எடை, செய்தவரின் பெயர் முகவரி முதலியன மலாய் மொழியில் இருக்க வேண்டும். வேறு மொழிகளைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். மீன், முட்டை, பால், கொட்டைகள், குளூட்டன் உள்ள தானியங்கள் ஆகியவை சிலர் உடம்புக்கு ஒவ்வாதவை என்பதால் அவை கலந்திருப்பதைச் சொல்லியாக வேண்டும். ஹலால் முத்திரையைச் சில மாணவர்கள் மூலையில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்பும் அலங்காரமாக எண்ணிப் பதித்துவிடுகிறார்கள். உரிய அதிகாரிகளின் சான்று பெறாமல் அதை இடுவது 2011-ஆம் ஆண்டு வணிக விவரணச் சட்டப்படி குற்றம். இவ்வளவு விஷயங்களும் ஓர் உள்ளங்கை அகலச் சீட்டில் அடங்க வேண்டுமென்றால், மாணவர் முதலில் வரைந்த பெரிய லோகோ தானாகவே சிறுத்துவிடும்.

பார்கோடு என்னும் கோட்டுக் கட்டமும் இவ்வாறு இடம் கேட்கும். மலேசியாவில் பதிவு செய்த நிறுவனங்களின் எண்கள் 955 என்று தொடங்கும். பதின்மூன்றாவது இலக்கம் மற்றப் பன்னிரண்டையும் கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கு உரியது. கடையில் அதைப் படிக்கும் கருவிகளில் பல சிவப்பு ஒளியைப் பாய்ச்சுபவை. ஆதலால் வெள்ளைப் பரப்பில் சிவப்புக் கோடுகளை இட்டால் கருவிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். நிறப்பொருத்தத்துக்காகக் கோடுகளைச் சிவப்பாக்கிய உறை கடைக்காரர் மேசையில் ஊமையாகிவிடும். கறுப்பும் கருநீலமும் பத்திரமானவை. கோடுகளின் இருபுறமும் வெற்றிடம் விடுவதும் அவசியம். ஒளிபுகும் பையில் நேரே அச்சிடுவதானால் அடியில் வெள்ளை மை பூசாமல் எந்த நிறமும் துலங்காது; பையின் சுருக்கத்தில் கோடுகள் வளையாத இடத்தையும் தேட வேண்டும்.

எல்லாவற்றிலும் மாணவர் கடைசியாக விசாரிப்பதும், முதலில் விசாரித்திருக்க வேண்டியதுமான சங்கதி செலவு. படலத்தில் வர்ணம் அச்சிடும் கிராவூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உலோக உருளை செதுக்க வேண்டும். பெருந்தொகையான பைகளை ஒரே தடவையில் அச்சிட்டால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். வீட்டுப் பின்புறத்தில் மீன் அரைக்கும் குடும்பம் அவ்வளவு பைகளை வாங்கி எங்கே அடுக்கிவைக்கும்? அவர்களுக்கு ஏற்றது, எங்கும் கிடைக்கும் சாதாரணப் பையும், டிஜிட்டல் அச்சில் சில நூறு மட்டும் எடுக்கக்கூடிய ஒட்டுச் சீட்டும்தான். அந்தச் சீட்டில் இரண்டு நிறம் போதும். மை உறிஞ்சும் பளபளப்பற்ற காகிதமாக இருந்தால், தயாரித்த தேதியையும் எடையையும் பேனாவால் எழுதவோ ரப்பர் முத்திரையால் குத்தவோ இடம் விடலாம். பளபளப்பான காகிதத்தில் பேனா வழுக்கும். பொட்டலம் போடுகிறவர் ஈரக் கையோடு சீட்டை உரித்து ஒட்டுவார் என்பதையும் மறக்கலாகாது. ஓரத்தில் பசை தடவாத ஒரு விரற்கடை இடம் விட்டால், அவருடைய வேலை சுலபமாக நடக்கும்.