தொட்டிக்கும் உறை குத்த வேண்டும்!

“அம்மா, மீனெல்லாம் மல்லாந்து கிடக்கிறதே, தூங்குகிறதா?” என்று என் கடைக்குட்டி கேட்டபோது, பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவன் பிறந்த நாளுக்கென்று முந்தின வாரந்தான் கண்ணாடித் தொட்டி வாங்கினோம். அன்றைக்கே குழாய்த் தண்ணீரை நிரப்பி, அன்றைக்கே ஆறு மீன்களையும் விட்டோம். வீட்டில் வருவோர் போவோரெல்லாம் ஆசையாகத் தீனி போட்டோம். தண்ணீர் என்னவோ ஸ்படிகம் மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஐந்தாம் நாள் ஆறும் போய்விட்டன. குழந்தை அன்றிரவு சாப்பிடவில்லை.

சகோதரிகளே, அந்த மீன்கள் பட்டினியால் சாகவில்லை. எங்கள் அவசரத்தினால் செத்தன!

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அமோனியாவாக மாறுகின்றன. மீனுக்கு அது விஷம். நம் கண்ணுக்கோ தெரியாது. அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் (அதுவும் விஷந்தான்), பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு. அவை கூழாங்கல்லிலும் பில்டர் ஸ்பாஞ்சிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மிஞ்சும் நைட்ரேட்டைச் செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும்.

பாலைக் காய்ச்சி இறக்கியவுடன் தயிர் கிடைத்துவிடுமா? உறை குத்திவிட்டுக் காத்திருக்க வேண்டாமா? தொட்டியும் அப்படித்தான். நெடுநாளாகத் தொட்டி வைத்திருக்கும் சிநேகிதியிடம், அவள் பில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு வாங்கி வந்து போடுங்கள். அதுதான் உறைமோர்!

இரண்டாம் தடவை நாங்கள் அப்படியே செய்தோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி; சுமார் 50 லிட்டர் பிடிக்கும். வாலிஸ்நேரியாச் செடியும் ஜாவா பாசியும் வைத்தோம். வெயில் நேரே படாத இடம்; விளக்கு தினம் 7 மணி நேரம். மீனே இல்லாத தொட்டியில் நான் தினமும் ஒரு சிட்டிகை தீனி தூவுவதைப் பார்த்து என் கணவர் சிரித்தார். சிரிக்கட்டும்! அந்தத் தீனி அழுகி வரும் அமோனியாதான் நுண்ணுயிர்களுக்கு ஆகாரம். கடையில் விற்கும் சோதனைத் திரவத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று தெரிந்த பிறகே நாலு கப்பி மீன்களை விட்டோம்.

இப்போது இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் தீனி. வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறோம், முழுவதையும் அல்ல. குளோரின் போவதற்காகக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைக்கிறோம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவுவதில்லை. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுகிறோம்.

செடி, மீன் இரண்டோடு துப்புரவுக்கும் ஓர் ஆள் வேண்டும். 1850-ம் ஆண்டிலேயே லண்டன் ரசாயன நிபுணர் ராபர்ட் வாரிங்டன் இதைக் கண்டறிந்து எழுதினார். அவர் தொட்டியில் தங்க மீனும் வாலிஸ்நேரியாவும் இருந்தும், அழுகிய இலையால் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டதும் தெளிந்தது.

எங்கள் வீட்டில் அந்த வேலை செர்ரி இறாலுக்கு. “இறாலா! உங்கள் வீட்டிலா?” என்று எதிர்வீட்டு மாமி பதறிப்போனார். “சமைக்க அல்ல மாமி, வளர்க்க!” என்றேன். ஓர் அங்குலச் சிவப்பு ராஜகுமாரிகள். நாளெல்லாம் பாசியை மேய்கின்றன. ஒரு ஜாக்கிரதை: தாமிரம் கலந்த மீன் மருந்து தொட்டியில் பட்டால் இறால் பிழைக்காது.

போன வாரம் தொட்டிக்குள் ஓர் இறால் அசையாமல் கிடந்தது. எனக்கு மறுபடியும் வயிற்றைக் கலக்கியது. என் பிள்ளை கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுக் கை கொட்டினான்.

“அம்மா, அது வெறும் தோல்! இறால் பாசிக்குப் பின்னால் இருக்கிறது. சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது!”