ஷிப்டுக்கு நடுவே ஒரு ஜெபம்!

"என்னண்ணா, போன ஞாயிறு பூசையில உங்களைக் காணோமே?"

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்தேன்பா. கோயில் மணி காதுல விழுந்துச்சு. எந்திரிக்கத்தான் முடியல!"

ஓசூர்ப் பக்கம் ஓடும் கம்பெனி பஸ்களில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சிரித்துக்கொண்டே சொல்லுகிற பதில்தான். ஆனால், சிரிப்புக்குப் பின்னால் ஒரு உறுத்தல் இருக்கிறது. 'சாமியைக் கும்பிடக்கூட நேரமில்லாத பொழைப்பாப் போச்சே!'

ஜவளகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தளிக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டி, கர்நாடக எல்லையை உரசிக்கொண்டு நிற்கிற ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்கும் பூமி. ராகி விளையும் பருவத்தில் பன்னார்கட்டா காட்டு யானைகள் இந்த வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைகின்றன. வயலுக்குக் காவல் இருக்கிறவருக்கு ஒரு விதமான சிவராத்திரி. சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிறவருக்கு இன்னொரு விதமான சிவராத்திரி. யானைக்கும் ஷிப்ட் உண்டு போலிருக்கிறது. அதுவும் நைட்டுதான்!

1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் ஓசூரில் காலூன்றின. அதன்பின் இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் பொழுது விடிவதையும் அடைவதையும் ஷிப்ட்தான் தீர்மானிக்கிறது. அப்பா ஒரு ஷிப்ட், மகள் ஒரு ஷிப்ட் என்றால் குடும்ப ஜெபம் எப்போது? கண்ணை மூடித் தியானம் செய்யச் சொன்னால், "அதெல்லாம் சாமியாருங்களுக்கு சார். நாம கண்ணை மூடினா குறட்டைதான் வரும்" என்கிறார்கள்.

நியாயமான பேச்சுதான். ஆனால், வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. கிறிஸ்தவத்தில் தியான ஜெபம் வளர்ந்ததே வேலை செய்கிற கைகளில்தான்!

கயிறு திரித்த சாமி!

3, 4-ம் நூற்றாண்டுகளில் எகிப்துப் பாலைவனத்துக்குப் போன துறவிகள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பாய் முடைந்தார்கள், கூடை பின்னினார்கள், கயிறு திரித்தார்கள். விற்ற காசில் சாப்பிட்டார்கள். அவர்களில் மூத்தவர் புனித அந்தோனியார். (நம்மூரில் அதிகம் கும்பிடப்படும் பதுவைப் பதியர் அல்ல, இவர் வனத்து அந்தோனியார்.)

அவருக்கு ஒருநாள் ஒரே சலிப்பு. மனசு ஜெபத்தில் ஒட்டவில்லை. என்ன செய்வது என்று கடவுளைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால், அவரைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஜெபிக்கிறார். மறுபடி உட்கார்ந்து கயிறு. மறுபடி எழுந்து ஜெபம். வந்தவர் தேவதூதர் என்கிறது கதை. வேலை, ஜெபம், வேலை, ஜெபம். இவ்வளவுதான் பாடம்.

அந்தப் பாலைவனத்தில் படித்துவிட்டு ஐரோப்பாவுக்குப் போனவர் காசியான் என்ற துறவி. கடவுளிடம் உதவி கேட்கிற ஒரே ஒரு சங்கீத வரியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வேலை செய்யும்போதும், வழி நடக்கும்போதும், தூங்கப் போகும்போதும் மனசுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம்ம பாட்டிகள் முணுமுணுக்கும் நாமஜெபம் மாதிரி!

சமையல்கட்டில் ஒரு ஞானி

17-ம் நூற்றாண்டில் பாரீஸில் லாரன்ஸ் என்று ஒரு கார்மேல் சபைச் சகோதரர். முன்னாள் சிப்பாய். ஒரு கால் ஊனம். மடத்தில் கொடுத்த வேலை, அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத சமையல். வருஷக்கணக்கில் சட்டி கழுவினார். ஒருமுறை ஒயின் வாங்கப் படகில் அனுப்பினார்கள். நடக்க முடியாமல் பீப்பாய்கள் மேல் உருண்டு உருண்டே காரியத்தை முடித்தாராம்!

இவர் கண்டுபிடித்த விஷயம் ஒன்றுதான். கோயிலில் முழங்காலில் நிற்கும்போது இருக்கிற கடவுள், சமையல்கட்டுச் சந்தடியிலும் இருக்கிறார். அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையைச் செய்தால் போதும். 1691-ல் இறந்த பிறகு, அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்துப் போட்டார்கள். இன்றும் உலகம் முழுக்க விற்கிறது அந்தச் சின்னப் புத்தகம்.

கோலாலம்பூர் டு காவிரிக்கரை

1950களில் ஜான் மெயின் என்ற பிரிட்டிஷ் அரசு அதிகாரி மலாயாவில் வேலை பார்த்தார். அலுவல் விஷயமாக, கோலாலம்பூரில் 'சுத்த சமாஜம்' நடத்திவந்த சுவாமி சத்தியானந்தாவைப் பார்க்கப் போனவர், தியானம் கற்றுக்கொண்டு திரும்பினார். "நீ கிறிஸ்தவன். உன் மதத்துச் சொல்லையே மந்திரமாக எடுத்துக்கொள்" என்ற வகையில் இருந்தது சுவாமியின் உபதேசம். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி.

பிற்பாடு லண்டனில் துறவியானபோது, 'இது நம்ம ஜெபமுறை இல்லை' என்று தடுத்துவிட்டார்கள். ஆண்டுகள் கழித்துக் காசியானைப் படித்தவருக்கு ஆச்சரியம். சுவாமி சொன்ன அதே ஒற்றைச் சொல் வித்தை, தன் வீட்டுப் பரணிலேயே 1500 வருஷமாகக் கிடந்திருக்கிறது! 1982-ல் இறக்கும்வரை அதையே போதித்தார்.

நம்ம தமிழ்நாட்டிலும் குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில், சாந்திவனம் இருக்கிறது. 1950-ல் இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் தொடங்கிய ஆசிரமம். 1968-ல் வந்து 1993-ல் இறக்கும்வரை அங்கே காவி உடுத்தி வாழ்ந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ், ஜான் மெயினின் முறையைப் பெரிதும் மதித்தார்.

சரி, நாம எப்படிச் செய்வது?

* பஸ்ஸில்: ஏறினதும் முதல் பத்து நிமிஷம் செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். 'இயேசுவே' போன்ற ஒரு சொல்லை மூச்சோடு சேர்த்து மெல்லச் சொல்லுங்கள். மனசு வீட்டுக் கடனுக்கு ஓடும். ஓடட்டும். திட்டாமல் திரும்பக் கூப்பிடுங்கள்.

* மெஷினில்: தயவுசெய்து கண்ணை மூடாதீர்கள், விரல் போய்விடும்! கையில் இருக்கிற வேலையை முழுக் கவனத்தோடு செய்வதுதான் அங்கே ஜெபம். டீ பிரேக்கில் ஒரு நிமிஷம் போதும்.

* படுக்கப் போகும்முன்: இயேசு சபையைத் தொடங்கிய புனித இக்னேசியஸ், அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். எதற்கு நன்றி? எங்கே தடுமாறினேன்? யார் மனசைப் புண்படுத்தினேன்? நாளைக்கு என்ன வேண்டும்? ஐந்து நிமிஷக் கணக்கு.

* தூக்கம் வந்தால்: லிசியே நகரத்துப் புனித தெரேசம்மாளே ஜெபத்தில் அடிக்கடி தூங்கிப்போனவர்! தூங்குகிற பிள்ளையும் பெற்றவர்களுக்குச் செல்லப் பிள்ளைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டவர். 24 வயதில் இறந்த அவரைத்தான் 1997-ல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று போப் அறிவித்தார்.

இதெல்லாம் பூசைக்குப் பதில் இல்லை. சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறுக் கடனில் சேரும் என்பதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். ஷிப்டைப் பார்த்து, வசதியானதைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரு சந்தேகம் வரலாம். 'வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருன்னு முதலாளி சொல்றதைத்தான் சாமி பேரைச் சொல்லி நீங்களும் சொல்றீங்களா?' இல்லவே இல்லை. தினமும் ஐந்து நிமிஷம் தன் நாளை நேர்மையாகத் திரும்பிப் பார்க்கிறவனுக்கு, தான் செய்த தப்பு மட்டும் தெரியாது. தனக்கு நடக்கிற தப்பும் தெரியும். பக்கத்து மெஷின்காரருக்கு நடக்கிற தப்பும் தெரியும். பதறாமல் அதைக் கேட்கிற தைரியமும் அந்த மௌனத்தில்தான் ஊறும்.

அதனால் ஜெபத்தை ஷிப்டுக்கு நடுவே வையுங்கள். ஓவர்டைம் பாக்கியை மட்டும் கடவுள் தலையில் கட்டாதீர்கள். அதை ஆபீஸில் போய்க் கேட்டு வாங்குங்கள்!